எழுதப் பழகும் கைக்கு எவ்வளவு உதவி வேண்டும்?

கிழக்கிலங்கையின் ஓட்டமாவடியில் வளரும் பிள்ளை பன்னிரண்டு வயதுக்குள் நான்கு எழுத்துமுறைகளோடு பழகிவிடுகிறது. வீட்டிலும் பாடசாலையிலும் தமிழ், குர்ஆன் மத்ரஸாவில் அறபு, வகுப்பில் ஆங்கிலம், இரண்டாம் மொழியாகச் சிங்களம். மூன்று இடமிருந்து வலமாகப் போகின்றன, ஒன்று வலமிருந்து இடமாக வருகிறது. வளர்ந்த பிறகும் வேலை முடிவதில்லை. 2007 ஜூலை 1ஆம் திகதி முதல் அரச சேவையில் சேருகிறவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று பொது நிர்வாகச் சுற்றறிக்கை 07/2007 விதித்தது. அதனால் அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் தாய்தந்தையரும் இரவில் கொப்பி திறந்து சிங்கள எழுத்தைப் பழக வேண்டியிருக்கிறது.

இந்தப் பழக்கத்தில் ஒரு பகுதி இப்போது கைபேசித் திரைக்கு வந்துவிட்டது. விரலால் எழுத்தைப் போட்டால் சரியா பிழையா என்று செயலி சொல்கிறது. தடுமாறினால் உதவிக்குறிப்பும் தருகிறது. அந்தக் குறிப்பை எப்போது தருவது, எவ்வளவு தருவது, எப்போது நிறுத்துவது? பிள்ளை உண்மையில் எழுதக் கற்கிறதா, திரையைப் பார்த்துக் கோடு இழுக்க மட்டும் கற்கிறதா என்பது இந்த மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் விடையில்தான் தங்கியிருக்கிறது. சீன எழுத்தைக் கற்பிக்கும் மென்பொருள்கள் இந்தக் கேள்விகளோடு நெடுநாள் மல்லுக்கட்டியவை. அவற்றிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை நிறைய உண்டு.

சீன எழுத்தின் சிக்கல்

சீனமும் இலங்கையும் எழுத்தால் சந்தித்தது புதிதல்ல. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ இலங்கையில் நிறுவிய கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் ஒன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல் இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் காலத்தில் களனிப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் கன்பூசியஸ் நிறுவகம் சீனம் கற்பிக்கிறது.

தமிழில் 247 எழுத்துகள் என்று எண்ணினாலும், உயிரும் மெய்யும் துணைக்குறிகளும் தெரிந்தால் மீதி பெரும்பாலும் தானாக வரும். சீனத்தில் அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. சீன அரசு 1988இல் வெளியிட்ட அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் 3,500 எழுத்துகள் இருந்தன. 2013இல் வந்த பொதுப் பட்டியலில் 8,105. ஒவ்வொன்றையும் பார்த்து அடையாளம் காண்பது ஒரு வேலை, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதுவது அதைவிடப் பல மடங்கு கடினமான வேறொரு வேலை. கணினியிலும் கைபேசியிலும் ஒலியைத் தட்டெழுதி எழுத்தைத் தெரிவுசெய்யும் பழக்கம் வந்த பின், படித்த சீனர்களே பேனாவை எடுத்ததும் எழுத்து மறந்து நிற்கும் நிலை பரவலாகப் பேசப்படுகிறது. வாசிக்கத் தெரிந்தால் எழுதவும் தெரியும் என்று எண்ணக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஆனாலும் சீன எழுத்து ஒழுங்கற்றதல்ல. பேனாவை வைத்தது முதல் எடுக்கும் வரை விழும் கோட்டை இங்கே கீற்று என்று சொல்வோம். கீற்றுகள் வரும் வரிசைக்கு விதி உண்டு: மேலே முதலில், கீழே பிறகு, இடம் முதலில், வலம் பிறகு, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் வெட்டினால் பெரும்பாலும் குறுக்குக்கோடு முதலில், கூட்டுக்குள் ஏதும் இருந்தால் உள்ளே இருப்பதை எழுதிவிட்டுக் கடைசியில் கூட்டை மூடு. 'நாடு' என்ற எழுத்தில் எட்டுக் கீற்றுகள். சட்டத்துக்கு இரண்டு, உள்ளே ஐந்து, அடியில் மூடும் கோடு ஒன்று.

கீற்றுகள் சேர்ந்து உறுப்புகள் ஆகின்றன. 'மரம்' நான்கு கீற்று. இரண்டு மரம் பக்கத்தில் நின்றால் தோப்பு, மூன்று சேர்ந்தால் அடர்ந்த காடு. இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் மரம் இருந்தால் 'ஓய்வு'. சூரியனும் நிலவும் சேர்ந்தால் 'வெளிச்சம்'. பெரும்பாலான எழுத்துகளில் ஓர் உறுப்பு பொருளைக் காட்டும், இன்னொன்று ஒலியைக் காட்டும். 'அம்மா' என்பதற்கான எழுத்தில் பெண்ணைக் குறிக்கும் உறுப்பு பொருளுக்கு, 'மா' என்று ஒலிக்கும் குதிரை உறுப்பு ஓசைக்கு. நல்ல குறிப்பு என்பது இந்த உள்ளொழுங்கைப் பற்றிக்கொள்ளும் குறிப்பு. ஆறு கீற்றைத் தனித்தனியே நினைவில் வைக்க முயல்கிறவருக்கு 'மனிதன், மரம்' என்ற இரண்டு சொற்கள் போதும். மீதியைக் கை எழுதிவிடும்.

செயலி கையை எப்படிப் பார்க்கிறது

திரையில் விரல் ஓடும்போது செயலிக்குக் கிடைப்பது புள்ளிகளின் வரிசை மட்டுமே. எந்த இடம், எந்தக் கணம் என்பதுதான் அதற்குத் தெரியும். அந்த வரிசையைத் தன்னிடமுள்ள முன்மாதிரிக் கீற்றோடு அது ஒப்பிடுகிறது. சீனத்துக்கு இந்த முன்மாதிரிகள் திறந்த தரவாகவே கிடைக்கின்றன. 'மேக் மீ எ ஹான்சி' என்ற திட்டம் 9,000க்கும் மேற்பட்ட எழுத்துகளின் ஒவ்வொரு கீற்றையும் வரிசையோடு பிரித்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைத்திருக்கிறது. அதன்மேல் எழுந்த 'ஹான்சி ரைட்டர்' என்ற மென்பொருள் நூலகத்தை இணையதளம் செய்கிறவர் எவரும் தன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஹான்சி ரைட்டர் முக்கியமாக இவற்றைப் பார்க்கிறது: தொடங்கிய இடமும் முடிந்த இடமும் அருகில் இருக்கின்றனவா, திசை சரியா, நீளம் போதுமா, மொத்த வடிவம் ஒத்துப்போகிறதா. எவ்வளவு விலகலைப் பொறுத்துக்கொள்வது என்பதைச் செயலி செய்கிறவர் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஒரே கீற்றில் மூன்று முறை தவறினால் சரியான கீற்றை மின்னவைத்துக் காட்டுவது அதன் இயல்பான அமைப்பு. அந்த எண்ணிக்கையையும் மாற்றலாம்.

பொறுமையின் அளவு முக்கியமானது. மிகக் கண்டிப்பாக இருந்தால், நினைவு சரியாக இருந்தும் விரல் சற்று விலகியதற்காகப் பிள்ளை தண்டனை பெறும். மிகத் தளர்வாக இருந்தால் வேறுபாடே மறைந்துபோகும். 'மண்', 'அறிஞர்' என்ற இரண்டு சீன எழுத்துகளுக்கும் மூன்றே கீற்று, வரிசையும் ஒன்றே. மண்ணில் கீழ்க்கோடு நீளம், அறிஞரில் மேல்கோடு நீளம். இங்கே நீளத்தைக் கவனிக்காத செயலி ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்தைச் சரியென்று சொல்லிவிடும். எல்லா எழுத்துக்கும் ஒரே அளவுகோலைப் போடாமல், குழப்பம் வரும் இடத்தில் மட்டும் கண்டிப்பைக் கூட்டுவதே அறிவான வடிவமைப்பு.

தவறு மூன்று விதம்

குறிப்புத் தரும் முன் தவறின் காரணத்தை அறிய வேண்டும். முதலாவது மறதி. அடுத்தது என்ன என்று தெரியாமல் கை நிற்கிறது, அல்லது ஏதோ ஒன்றைப் போட்டுப் பார்க்கிறது. இரண்டாவது வரிசைத் தவறு. போட்ட கீற்று எழுத்தில் இருக்கிறது, ஆனால் அதன் முறை இன்னும் வரவில்லை. மூன்றாவது கைத் தவறு. எது என்று தெரிகிறது, வடிவம்தான் கோணலாகிறது.

மறதிக்கு நினைவைத் தட்டும் குறிப்பு வேண்டும். வரிசைத் தவறுக்கு, 'இது சரியான கோடுதான், இதற்கு முன் இன்னொன்று இருக்கிறது' என்ற ஒரு வரி போதும். கைத் தவறுக்கு எழுத்தை மறைத்து வைத்துக்கொண்டு நினைவைச் சோதிப்பதில் பயனில்லை. பிள்ளை போட்ட கோட்டையும் சரியான கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டி, எங்கே விலகியது என்று கண்ணுக்குத் தெரியச் செய்ய வேண்டும். மூன்றுக்கும் ஒரே சிவப்புப் பெருக்கல் குறியைப் போடும் செயலி, பிள்ளைக்குத் தான் தவறினோம் என்பதை மட்டும் சொல்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

சிறிய குறிப்பிலிருந்து பெரிய குறிப்புக்கு

மறதிக்கான குறிப்புகளைப் படிகளாக அடுக்கலாம். 'ஓய்வு' என்ற சீன எழுத்தையே எடுத்துக்கொள்வோம்.

முதற்படி, பொருளும் ஒலியும்: 'மனிதன் மரத்தடியில்' என்று ஒரு சொற்குறிப்பு. இரண்டாம் படி, அமைப்பு: இடப்பக்கம் ஒடுக்கமாக ஒரு பகுதி, வலப்பக்கம் அகலமாக இன்னொன்று என்று கட்டத்தைப் பிரித்துக் காட்டுவது. சீனப் பிள்ளைகளின் கொப்பியில் நான்காகவும் எட்டாகவும் பிரித்த கட்டங்கள் அச்சிடப்பட்டிருப்பது இதற்காகத்தான். மூன்றாம் படி, அடுத்த கீற்று தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி. நான்காம் படி, அந்தக் கீற்று ஒரு கணம் மின்னி மறைவது. ஐந்தாம் படி, மங்கிய எழுத்து திரையிலேயே நிற்க, அதன்மேல் இழுத்துப் பழகுவது.

மேற்படிகளில் நினைவு வேலை செய்கிறது. கீழே இறங்க இறங்க நினைவின் வேலை குறைந்து கண்ணின் வேலை கூடுகிறது. ஐந்தாம் படியில் பிள்ளை எதையும் நினைவுகூரவில்லை, தெரியும் கோட்டைத் தொடர்கிறது. புதிய எழுத்தை முதன்முதல் சந்திக்கும்போது அது சரி. பழகிய எழுத்துக்கு முதல் உதவியாக அதையே தருவது கற்றலைக் கெடுக்கும். பல செயலிகள் இங்கேதான் சறுக்குகின்றன: மங்கிய எழுத்தை எப்போதும் திரையில் வைத்துவிடுகின்றன. பிள்ளை ஐம்பது எழுத்தைப் பிழையின்றி முடிக்கும், புள்ளிகளும் நட்சத்திரங்களும் சேரும். வெறுங் கொப்பியைக் கொடுத்து எழுதச் சொன்னால் கை நின்றுவிடும்.

நான்காம் படியில் 'மின்னி மறைவது' என்பதைக் கவனியுங்கள். கோடு மறைந்த பிறகு எழுதுவதால் அரை நொடியேனும் அதைப் பிள்ளை மனதில் ஏந்த வேண்டியிருக்கிறது. அந்தச் சிறு முயற்சிக்கு மதிப்பு உண்டு.

எப்போது காட்டுவது, எப்போது விலகுவது

உதவியை அளந்தே தர வேண்டும் என்று சொல்ல ஆய்வுகளின் துணை இருக்கிறது. ஸ்லமேக்காவும் கிராஃபும் 1978இல், படித்த சொல்லைவிடத் தானே உருவாக்கிய சொல் நன்றாக நினைவில் நிற்கிறது என்று காட்டினர். 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் நடத்திய சோதனையில், மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் முன்னிலையில் இருந்தனர். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டனர். உடல் அசைவுகளைக் கற்பது பற்றி 1984இல் சல்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகியோர் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் திருத்தம் கிடைத்தால் பயிற்சியின்போது திறமை கூடியதாகத் தெரியும், அந்த உதவியை எடுத்தவுடன் சரியும் என்பது அவர்கள் வந்த முடிவு. எழுதுவது நினைவும் அசைவும் சேர்ந்த வேலை என்பதால் இரண்டு பாடங்களும் அதற்குப் பொருந்தும்.

பிள்ளை கேட்கும்போதெல்லாம் குறிப்புக் கொடுத்தால் போதாதா? போதாது. 2000ஆம் ஆண்டில் அலவனும் கோடிங்கரும் கணிதம் கற்பிக்கும் மென்பொருளில் மாணவர்கள் உதவி கேட்கும் விதத்தைப் பார்த்தனர். உண்மையில் தேவைப்படும்போது பலர் கேட்கவில்லை. கேட்டவர்களோ இடையிலுள்ள விளக்கங்களைத் தாண்டி, விடையைச் சொல்லும் கடைசிக் குறிப்புக்கே ஓடினர். ஆகவே பொத்தானைத் தட்டித் தட்டி ஐந்தாம் படிக்கு இறங்க விடக்கூடாது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் ஒரு முயற்சியாவது வேண்டும்.

தவறுகளை மட்டும் எண்ணிக் குறிப்புத் தருவதிலும் ஒரு குறை இருக்கிறது. கூச்சமுள்ள பிள்ளை தவறிவிடுவோம் என்று பயந்து திரையைத் தொடாமலே இருக்கும். அதற்குத் தவறே பதிவாகாது, உதவியும் வராது. சில நொடி அசைவில்லாவிட்டால் செயலி தானே முதற்படிக் குறிப்பைத் தர வேண்டும். 'நேரமாகிறது' என்ற எச்சரிக்கை அந்த இடத்தில் வரக் கூடாது.

குறிப்புப் பார்த்து எழுதியதைத் தெரிந்த எழுத்தாகக் கணக்கில் சேர்க்கவும் கூடாது. எழுதி முடித்ததும் திரையை வெறுமையாக்கி அதே எழுத்தை உதவியின்றி மறுபடி கேட்க வேண்டும். பிறகு சில நிமிடம் கழித்து, மறுநாள், சில நாள் கழித்து என்று இடைவெளி விட்டுக் கேட்க வேண்டும். எந்தப் படிக் குறிப்பு தேவைப்பட்டது என்பதைச் செயலி நினைவில் வைத்து, அடுத்த முறை அதற்கு ஒரு படி மேலிருந்தே தொடங்கலாம். இப்படித்தான் குறிப்பு தானாகக் குறைந்து இல்லாமற்போகும்.

நம் எழுத்துகளுக்கு

ஓட்டமாவடிப் பிள்ளைக்குச் சிங்களம் கற்பிக்கும் செயலி, அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியும் என்ற உண்மையிலிருந்து தொடங்க வேண்டும். தமிழில் 'கொ' எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு வலப்பக்கக் கால். சிங்களத்தில் 'கொ' எழுதுவதும் அதே ஒழுங்குதான்: கொம்பு, 'க', கால். 'நீ தமிழில் போடும் அதே வரிசை' என்ற ஒரு வரிக் குறிப்பு, மூன்று அம்புக்குறிகள் செய்யும் வேலையைச் செய்துவிடும். தமிழோடு ஒத்துப்போகாத இடங்களில்தான் தனிக் குறிப்பு வேண்டும். தமிழைப் போலவே சிங்களத்திலும் உகரக் குறி எல்லா மெய்யோடும் ஒரே வடிவில் வராது, ஆனால் மாறும் விதம் வேறு. 'க', 'த' முதலிய சில எழுத்துகளுக்கு வேறு வடிவம். மெய்யாக்கும் குறிக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. 'வ', 'ச', 'ம' மூன்றும் வட்டமாக ஒன்றையொன்று ஒத்திருப்பதால், குழம்பும் பிள்ளைக்கு இரண்டை அருகருகே வைத்து வேறுபடும் இடத்தை மட்டும் நிறமூட்டிக் காட்டலாம்.

அறபில் குறிப்பின் இடம் வேறு. பா, தா, ஸா மூன்றுக்கும் உடல் ஒன்றே. கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்பதே வேறுபாடு. உடலை எழுதிப் புள்ளியைத் தவறவிட்ட பிள்ளைக்கு முழு எழுத்தையும் மறுபடி காட்ட வேண்டியதில்லை. புள்ளி பற்றி மட்டும் கேட்டால் போதும். அலிஃப், தால், அதன் புள்ளியுள்ள இணை, ரா, ஸாய், வாவ் ஆகிய ஆறும் தமக்குப் பின் வரும் எழுத்தோடு இணைவதில்லை. ஆகவே சொல்லாக எழுதும்போது 'இது சேருமா, சேராதா?' என்ற கேள்வியே சிறந்த முதற்படிக் குறிப்பு.

தமிழிலும் இத்தகைய செயலிக்கான விதை விழுந்திருக்கிறது. எச்பி நிறுவனத்தின் இந்திய ஆய்வகம் பலரும் கையால் எழுதிய தமிழ் எழுத்துகளைப் பேனா நகர்ந்த தடத்தோடு தொகுத்தது. 2006இல் நடந்த தமிழ்க் கையெழுத்து அறிதல் போட்டிக்கு அந்தத் தரவே அடிப்படை. 247 எழுத்துகளையும் 156 குறிகளால் ஆக்கிவிடலாம் என்று அதில் பகுத்திருந்தனர். கணினி கையெழுத்தை அறிவதற்காக வந்த முயற்சி அது, ஆனாலும் பிள்ளைக்கு எழுதப் பழக்கும் செயலிக்கும் அதே வகைத் தரவுதான் தேவை. ஓர் எச்சரிக்கை மட்டும்: சீனத்தில் 7,000 எழுத்துகளுக்கு அரசே 1997இல் கீற்று வரிசையை நிர்ணயித்தது. தமிழில் ஆளுக்காள் எழுதும் வழி வேறுபடும். ஒரே வழியைச் சட்டமாக்கி மற்றதைப் பிழை என்று சொல்லும் செயலி, பிள்ளைக்கு எழுதக் கற்றுக்கொடுத்த உம்மாவையும் டீச்சரையும் பிழையாக்கிவிடும்.

செயலி இல்லாத வீட்டிலும் இதே முறை செல்லும். பிள்ளை ஓர் எழுத்தில் நின்றுவிட்டால் உடனே எழுதிக் காட்டாதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். சற்றுப் பொறுங்கள். பிறகு ஒரு சொல், அதற்குப் பிறகு தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி. அதற்கும் வராவிட்டால் எழுதிக் காட்டி, அதை மறைத்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் அதே எழுத்தை வெறும் தாளில் ஒருமுறை கேளுங்கள்.

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கணினி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். சீனத்துக்கு இருப்பதைப்போல, தமிழ், சிங்கள எழுத்துகளின் கீற்றுத் தரவை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஆக்குங்கள். இணைய இணைப்பின்றியும் இயங்கும், மலிவான கைபேசியிலும் ஓடும், நம் பேச்சில் குறிப்புச் சொல்லும் செயலியைச் செய்யுங்கள். அதைச் சோதிக்கும்போது எத்தனை நட்சத்திரம் சேர்ந்தது என்று பார்க்க வேண்டாம். ஒரு வாரம் கழித்துப் பிள்ளையிடம் கொப்பியும் பென்சிலும் கொடுத்து எழுதச் சொல்லிப் பாருங்கள். உங்கள் குறிப்புகள் உதவினவா என்பதற்கு அந்தத் தாளே சான்று.